பாசி தின்ன வந்த மூன்று பேர்

எங்கள் சித்திக்குக் குடும்பத்தில் வைத்த பெயர் பினாயில். முதுகுக்குப் பின்னால் மட்டும்தான் அப்படிச் சொல்வோம் என்று எழுத ஆசை. ஆனால் அப்பா நேரிலேயே கூப்பிடுவார். "பினாயில் வந்தாச்சு, எல்லாரும் காலைத் தூக்கிக்குங்க!" சித்தி காது கேட்காதவள் மாதிரி அப்பாவின் நாற்காலிக்கு அடியில் துணியை விட்டு ஒரு இழுப்பு இழுப்பாள். அப்பா காலைத் தூக்கத்தான் வேண்டியிருக்கும்.

அவள் பார்க்கிற வேலையும் அதுதான். ஒன்பது மாடி அலுவலகக் கட்டடத்தில் ஐந்தாவது மாடி முழுக்க அவள் பொறுப்பு. தரை, மேசை, கழிப்பறை, அப்புறம் அறைகளைப் பிரிக்கிற நாற்பத்தாறு கண்ணாடித் தடுப்புகள். அதிகாலையில் போய்ப் பதினோரு மணிக்குத் திரும்புவாள். ஒருமுறை அவள் துடைத்த கண்ணாடியில் ஒரு மேனேஜர் நேராகப் போய் மூக்கை இடித்துக்கொண்டார். சூப்பர்வைசர் அவளைக் கூப்பிட்டு, "கண்ணாடி இருக்குன்னு தெரியிற மாதிரி துடைங்கம்மா" என்றாராம். வீட்டுக்கு வந்து மூன்று நாள் அதையே சொல்லிச் சிரித்தாள். "அழுக்கா வச்சதுக்குத் திட்டு வாங்கினவங்க ஆயிரம் பேரு. சுத்தமா வச்சதுக்கு வாங்கினவ நான் ஒருத்திதான்டீ!"

அந்த மாடியில் நூறு பேருக்கு மேல் வேலை பார்த்தாலும் சித்திக்குப் பிடித்தவள் ஒரே ஒருத்தி. ஓரத்து மேசைக் குட்டைமுடிக்காரி. அவள் சாயங்காலம் கிளம்பும்போதே மேசையைத் தானே துடைத்து, காபிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவாளாம். "அவ மனுஷி. துடைக்க வர்றவளும் ஒரு ஆளுன்னு நினைக்கிறவ. மத்ததுங்க எல்லாம் நான் வர்றேன்னே கொட்டி வைக்குதுங்க." சித்தியின் வீட்டிலும் இதே சட்டம். அடைத்துக்கொண்ட சிங்க்கைச் சரிபார்க்க ப்ளம்பர் வருகிறார் என்றால், முதலில் சித்தி உட்கார்ந்து சிங்க்கைத் தேய்ப்பாள். பாதி அடைப்பையும் எடுத்துவிடுவாள். "அப்புறம் அந்த ஆளு எதுக்குடி வர்றான், உன்கூட காபி குடிக்கவா?" என்று சித்தப்பா கத்துவார். "வர்றவரு மூஞ்சிய சுளிக்கக் கூடாதுங்க" என்பாள் சித்தி.

சித்தப்பாவுக்குக் கத்தாமல் பேச வராது. பஸ் கண்டக்டர். முப்பது வருஷம் இன்ஜின் சத்தத்துக்கு மேலே பேசிய தொண்டை. தட்டில் சோறு வைத்தால்கூட, "உள்ள போடு, உள்ள போடு, இன்னும் இடம் இருக்கு!" என்பார்.

போன வருஷம் ஒரு காலையில் குளியலறையில் விழுந்தார். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். கண் திறந்திருக்கிறது. மூச்சு வருகிறது. மூக்கில் விட்ட குழாய் வழியே உணவு போகிறது. கையைத் தூக்கி வைத்தால் வைத்த இடத்திலேயே கிடக்கிறது. பேச்சு இல்லை. நான் அவர்களுக்குக் கீழ் வீட்டில் இருக்கிறேன். எனக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. அதனால் சித்தி வேலைக்குப் போய் வருகிற வரைக்கும் நான் பக்கத்தில் இருப்பேன். மாடிப்படி ஏறும்போதே கேட்கிற குரல் இல்லாத வீட்டுக்குள் நுழைவது முதல் சில வாரம் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

படுக்கையறையில் அவருக்காக வாங்கிப் போட்ட இரும்புக் கட்டில் ஜன்னலோரமாக மட்டும்தான் கொள்ளும். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு இரும்பு ஸ்டாண்டு, அதன்மேல் ஒன்றரை அடி மீன் தொட்டி. சித்தப்பா விழுவதற்கு ஒரு வருஷம் முன்னால் ஆசைப்பட்டு வாங்கியது. உள்ளே ஒரே ஒரு சிவப்பு ஃபைட்டர் மீன். அதற்கு அவர் வைத்த பெயர் மாப்பிள்ளை. "பிள்ளைகுட்டி இல்லாத வீட்டுல மாப்பிள்ளை எங்கேருந்து வந்தான்?" என்று அப்பா கேட்டதற்கு, "நீயே பாரேன். ஒரு வேலை செய்யறதில்ல, வாலை விரிச்சுக்கிட்டு முறைக்கிறான், எதுக்கெடுத்தாலும் கோவிச்சுக்கிறான். இவனை வேற என்னன்னு கூப்பிடறது?" என்றார்.

மூன்றாவது மாதத்தில் ஒருநாள் சித்தி கீழே ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "பாரு. அவர் கண்ணைப் பாரு." மாப்பிள்ளை தொட்டியின் இடது மூலையிலிருந்து வலது மூலைக்கு மெதுவாகப் போனார். சித்தப்பாவின் கருவிழி கூடவே போனது. திரும்பி வந்தார். கருவிழியும் வந்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு நான் பல தடவை பார்த்திருக்கிறேன். சில தடவை அது தெரியும், சில தடவை தெரியாது. தெரிந்ததை மட்டும் சித்தியிடம் சொல்வேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வாரம் இரண்டு முறை பிசியோ ஒருவர் வந்துகொண்டிருந்தார். காலை மடக்கி நீட்டி, "ஒண்ணு... ரெண்டு... சூப்பர்... மூணு..." என்று எண்ணுவார். செய்வதெல்லாம் அவர், சூப்பர் மட்டும் சித்தப்பாவுக்கு. அவர்தான் அந்தத் தேதியைச் சொன்னார். ஆறு மாதம் முடியும்போது ஒரு டாக்டரம்மா வீட்டுக்கு வந்து பார்ப்பார். ஏதாவது ஒரு அறிகுறி இருந்தால் மறுவாழ்வு வார்டில் படுக்கை கிடைக்கும், பயிற்சி தொடரும். ஒன்றும் இல்லையென்றால் ஃபைலை மூடிவிடுவார்கள்.

"மீனைப் பாக்குறாரே சார், அது அறிகுறி இல்லையா?" என்றாள் சித்தி.

"அது போதும்மா. டாக்டரம்மா முன்னாடி ஒரு தடவை பாத்துட்டாருன்னா எழுதிடுவாங்க."

சித்தி காலண்டரில் அந்த வியாழக்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டாள். அதற்கு நாலு வாரம் இருந்தது.

சிக்கல் பாசியில் வந்தது. ஜன்னல் வெயில் நேராகத் தொட்டியில் விழும். திரையை மூடினால் சித்தப்பா பகலெல்லாம் இருட்டில் கிடக்க வேண்டும். திறந்து வைத்தால் ஒரே வாரத்தில் கண்ணாடியில் பச்சை ஏறிவிடும். மாப்பிள்ளை அதற்குப் பின்னால் ஒரு கலங்கின சிவப்பாகத்தான் தெரிவார். சித்தி துடைக்காமல் இருப்பாளா? கையை விட்டுத் துடைத்தாள். மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு பம்புக்குப் பின்னால் போய் ஒளிந்தவர் மறுநாள் மதியம் வரை வெளியே வரவில்லை. குச்சியில் ஸ்பாஞ்சு கட்டித் துடைத்தாள். அதற்கும் கோபம். துடைத்தால் மீன் இல்லை, துடைக்காவிட்டால் மீன் தெரியவில்லை. "நாற்பத்தாறு கண்ணாடிய ஒண்டியா சமாளிக்கிறேன், இந்த ஒரு கண்ணாடி என்னைப் பழி வாங்குதுடீ" என்றாள். பாசி தின்கிற மீன்கள் என்று உண்டு, தொட்டிக்குள்ளேயே இருந்து சத்தமில்லாமல் வேலை பார்க்கும் என்று பிசியோதான் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவைச் சித்தப்பா பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் வளர்ப்பு மீன் கடைக்குப் போனோம்.

கடைக்காரருக்கு நான் அங்கேயே வைத்த பெயர் தரகர். தொண்டை கட்டின குரல். ஒவ்வொரு தொட்டியாக விரலால் தட்டித் தட்டிப் பேசினார்.

"சொல்லுங்கக்கா, எந்த மாதிரி எதிர்பாக்குறீங்க?"

"பாசி திங்கணும் தம்பி. அவ்வளவுதான்."

"பாசி எல்லாந்தான் திங்கும். குணம் எப்படி வேணும், அதைச் சொல்லுங்க. வீட்ல யார் யாரு?"

"ஒரே ஒரு ஃபைட்டர். ஒன்றரை அடித் தொட்டி."

கோபக்கார மாமியார் இருக்கிற வீட்டுக்கு வரன் பார்ப்பவர் மாதிரி தரகர் நெற்றியைச் சுருக்கினார். முதல் தொட்டியைத் தட்டினார். கட்டைவிரல் நீளத்தில் கறுப்பாக ஒன்று கண்ணாடியில் வாயை அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தது.

"இவன் சக்கர். எல்லாரும் இவனைத்தான் கேட்டு வருவாங்க. நல்ல உழைப்பாளி."

"அப்ப இவனையே குடுங்களேன்."

"வேணாங்கக்கா. ரெண்டு வருஷத்துல முழங்கை நீளம் வந்துருவான். உங்க தொட்டில அவன் திரும்பணும்னா ரிவர்ஸ்தான் எடுக்கணும். இன்னொண்ணு, அவன் திங்கிறதை விட வெளிய போடுறது ஜாஸ்தி."

"துடைக்க வந்துட்டு அவனே அசிங்கம் பண்ணுவானா?" சித்திக்கு மூக்கு விடைத்தது. "எங்க ஏழாவது மாடிக்கு ஒருத்தனை வேலைக்கு வச்சிருக்காங்க, அவன்தான் இது."

அடுத்த தொட்டியில் மஞ்சளாக, மெலிதாக ஒன்று. "இவன் சின்ன வயசுல தங்கம். வளர வளர பாசியை மறந்துருவான். மத்த மீன் அசந்திருக்கிறப்ப மேல ஒட்டிக்கிட்டுத் தோலை உறிஞ்சுவான்."

"சூப்பர்வைசர் ஆயிருவான்னு சொல்லுங்க."

தரகர் முதல்முறையாகச் சிரித்தார். நத்தையைக் காட்டினார். வேலை பிரமாதம், ஆனால் கண்ணாடி பூராவும் வெள்ளை வெள்ளையாக முட்டை ஒட்டி வைக்கும், சுரண்டித்தான் எடுக்க வேண்டும் என்றார். சித்தி நத்தையைத் தாண்டிப் போனாள். இறாலைக் காட்டிய கையோடு அவரே, "இது உங்க ஃபைட்டருக்கு ஒரு வேளை டிபன்" என்று சொல்லிவிட்டார்.

கடைசித் தொட்டியில் அவை இருந்தன. விரலில் ஒரு கணு நீளம்கூட இல்லை. சாம்பல் உடம்பு, பக்கவாட்டில் ஒரு கறுப்புக் கோடு. கண்ணாடிக்கு முத்தம் கொடுத்தபடி வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன.

"ஓட்டோன்னு பேரு. சண்டை சச்சரவு கிடையாது. இருக்கிற இடம் தெரியாது. தனியா விட்டா ஏங்கிரும், மூணு பேராவது வேணும். ஒரே ஒரு பிரச்னை. வர்ற வழியெல்லாம் பட்டினியா வருதுங்க. வயித்தைப் பாருங்க." வயிறுகள் உள்ளே ஒட்டிக் கிடந்தன. "பாசி நல்லாப் புடிச்ச பழைய தொட்டின்னா பொழைச்சுக்கும். சுத்தமா இருக்கிற தொட்டின்னா செத்துரும். உங்களுது எப்படிக்கா?"

வீட்டைக் கூட்டுவதுண்டா என்று கேட்டுவிட்ட மாதிரி சித்தியின் முகம் சிவந்தது. "அவ்வளவு ஒண்ணும் இல்ல. லேசா இருக்கும்."

"லேசாவா? பச்சை பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்கு அண்ணே" என்றேன். சித்தி என் காலை மிதித்தாள்.

தரகருக்கு ஒரே சந்தோஷம். "அருமை! அப்ப ஒரு கையும் வைக்காதீங்க. இதுங்க ஆறு நாள் என்கிட்ட இருக்கட்டும், தெம்பேத்தி சனிக்கிழமை தர்றேன். அது வரைக்கும் தொட்டியைத் தொடாதீங்க. அந்தப் பாசிதான் அதுங்க சாப்பாடு. புரிஞ்சுதாக்கா?"

"புரிஞ்சுது தம்பி."

புரிந்துதான் இருந்தது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சனிக்கிழமை மதியம் நான் மேலே போனபோது குளியலறையில் ஆவி பறந்தது. தொட்டிக்குள் கிடக்கிற கூழாங்கற்கள் எல்லாம் சுடுதண்ணீரில் குளித்துவிட்டு ஒரு துண்டின் மேல் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. மாப்பிள்ளை ஒரு வாளியில் முறைத்துக்கொண்டிருந்தார். காலித் தொட்டியைத் தரையில் வைத்து, அலுவலகத்து வைப்பரால் சித்தி மேலிருந்து கீழாக இழுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணாடியில் யார் வேண்டுமானாலும் மூக்கை இடித்துக்கொள்ளலாம்.

"சித்தி! என்ன பண்ற நீ?"

"கத்தாதே. பின்பக்கம் ஒரு இடம் விட்டு வச்சிருக்கேன், பாரு."

பின்பக்கக் கண்ணாடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பாசி இருந்தது. நாலு ஓரமும் அளந்து வெட்டின மாதிரி நேராக.

"மூணு பேருக்கு ஒரு வாரம் தாராளமா வரும். அதுக்குள்ள புதுசா முளைச்சிரும்."

"அந்த அண்ணன் தொடவே கூடாதுன்னாரே?"

"சொன்னாரு. அவருக்கென்ன? வேலைக்கு வர்ற புள்ளைங்கடீ. பட்டினியா வேற வருதுங்க. வந்த முதல் நாளே அந்த அசிங்கத்துலயா இறக்கி விடச் சொல்ற? நானும் நாலு இடத்துல வேலைக்குப் போறவதானே. ஒரு இடத்துக்குள்ள நுழையும்போதே குப்பையைப் பாத்தா வயிறு எப்படி எரியும்னு எனக்குத் தெரியாதா?"

இரண்டு வார்த்தை அழுத்திச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாளோ என்னவோ. நான் அதைச் செய்யவில்லை. கீச்சுக் குரலில், "மேடம், மேடம், வீடு பளபளன்னு இருக்கு மேடம், நாங்க எங்க ஒட்டுறது? வழுக்குது மேடம்!" என்றேன். சித்தி குளியலறை வாசல்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சித்தப்பா விழுந்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. பிறகு பம்பில் தண்ணீரை வடிகட்டுகிற ஸ்பாஞ்சை எடுத்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு மூன்று முறை பிழிந்தாள். பழுப்பாக இறங்கிய தண்ணீரை எனக்குக் காட்டினாள். "இதுலதான் அவன் இத்தனை நாள் குடித்தனம் பண்ணியிருக்கான், கருமம்."

சாயங்காலம் ஓட்டோக்கள் வந்தன. மறுநாள் முழுக்கத் தொட்டி வைரம் மாதிரி இருந்தது. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்துவிட்டுச் சித்தி பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினாள். ஏழு தடவை பார்த்தாராம், இடமிருந்து வலம், வலமிருந்து இடம். திங்கட்கிழமை பிசியோவும் கால் மடக்குவதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கவனித்தார். "எனக்கும் அப்படித்தான் படுதும்மா" என்றார். அன்றைக்குச் சித்தி எனக்கும் அவருக்கும் பாலை அதிகமாக ஊற்றிக் காபி போட்டாள்.

செவ்வாய்க்கிழமை தண்ணீர் பால் கலந்த மாதிரி வெளுத்தது. புதன்கிழமை மாப்பிள்ளை வாலையும் செட்டையையும் உடம்போடு ஒட்டிக்கொண்டு தண்ணீரின் மேல்மட்டத்தில் ஒரு மூலையில் நின்றார். சித்தி தரகருக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"தொட்டியைத் தொட்டீங்களாக்கா?"

"லேசாத் துடைச்சேன் தம்பி."

"ஸ்பாஞ்சு?"

"அதையும் கழுவினேன். சுடுதண்ணில. சோப்பு போடல."

அந்தப் பக்கம் பம்பு வைத்த நாற்பது தொட்டிகளின் குமிழிச் சத்தம் மட்டும் கேட்டது.

"அக்கா, அந்தப் பழுப்புதான்க்கா தொட்டிக்கே உயிரு. கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க கோடிக்கணக்குல அதுல இருக்கும். மீன் போடுற கழிவையெல்லாம் அதுங்கதான் தின்னு தண்ணியை நல்லா வச்சிருந்துச்சுங்க. இப்ப அதுங்க இல்ல. அவன் கழிவுலயே அவன் நிக்கிறான்."

"அப்ப அதுங்களும் துப்புரவு பண்றவங்கதானா?"

"ஆமாங்கக்கா."

"கொதிக்கிற தண்ணிலயே போட்டேனே தம்பி."

அவர் ஏதேதோ வழி சொன்னார். தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள், வெள்ளரிக்காயை வேக வைத்துப் போட்டுப் பாருங்கள் என்றார். சித்தி கேட்டுக்கொண்டே இருந்தாள். ஃபோனை வைத்த பிறகும் "சரிங்க தம்பி, சரிங்க தம்பி" என்றாள்.

உள்ளங்கைப் பாசியை மூன்று பேரும் இரண்டே நாளில் வழித்துத் தின்றுவிட்டு வெறும் கண்ணாடியில் வாயை வைத்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளரிக்காய்ப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சித்தி திரையை முழுக்க ஒதுக்கிவிட்டாள். வெயில் தொட்டி மேலும் விழுந்தது, சித்தப்பாவின் முகத்திலும் விழுந்தது. அவர் கண்ணைச் சுருக்கவில்லை. வேண்டாம் வேண்டாம் என்று துரத்தியபோது வாரம் தவறாமல் வந்த பாசி, வா வா என்று கூப்பிட்டால் எட்டிப் பார்க்கவில்லை. வியாழக்கிழமை ஒன்று போனது. சனிக்கிழமை இன்னொன்று. தரகர் தன் கடையிலிருந்து பாசி படிந்த கல் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். மிச்சமிருந்த ஒன்று அதைக் கட்டிக்கொண்டது.

சித்தி தினமும் கையை விட்டுத் தண்ணீர் மாற்றினாள். மாப்பிள்ளை ஓடவில்லை, ஒளியவில்லை. கை பக்கத்தில் போனபோது மெதுவாகச் சாய்ந்தார். "கோவிச்சுக்கக்கூட மாட்டேங்குறானே" என்றாள் சித்தி. "டேய், முறைடா. என்னை ஒரு தடவை முறைச்சுட்டுப் போடா."

அடுத்த செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை தொட்டியின் அடியில், வேக வைத்துக் கழுவிய கற்களின் மேல் கிடந்தார். சிவப்பு ஏற்கெனவே வெளிறியிருந்தது. டாக்டரம்மா வர இரண்டு நாள் இருந்தது.

"அதே மாதிரி ஒண்ணு வாங்கி விட்டுரலாம் சித்தி. சித்தப்பாவுக்கு எங்க தெரியப் போகுது?"

என் வாயிலிருந்து அது வந்த பிறகுதான் நான் சொன்னது என்னவென்று எனக்கே உறைத்தது. சித்தி கோபப்படவில்லை.

"தெரியணும்டீ. தெரிஞ்சா அழுவாரு. அழுதா அதை எழுதிக்குவாங்க இல்ல?"

புதன்கிழமை தரகர் கடையிலிருந்த சிவப்பு ஃபைட்டர்களில் வால் நீளமாக இருந்த ஒன்றை அவரே பொறுக்கிக் கொடுத்தார். இதை அந்தத் தண்ணீரில் விடாதீர்கள், தனியாக வையுங்கள் என்றார். சித்தி ஒரு கண்ணாடி ஜாடியைத் துடைத்து அதில் விட்டாள்.

வியாழக்கிழமை நான் லீவு போட்டிருந்தேன். மூன்று மணிக்கு டாக்டரம்மா வந்தார், பின்னாலேயே பிசியோ. டாக்டரம்மாவுடையது இஸ்திரி போட்ட குரல், ஒரு சுருக்கம் கிடையாது. "ஐயா, நான் பேசுறது கேக்குதா? என் விரலைப் பாருங்க. இந்தப் பக்கம் பாருங்க." டார்ச் அடித்தார். கையைத் தட்டினார். நகத்தை அழுத்தினார். அவசரமே படவில்லை. ஒவ்வொன்றுக்கும் காத்திருந்து ஒவ்வொன்றாக எழுதினார்.

"டாக்டரம்மா, மீனைக் காட்டினா பாப்பாரு. ஒரு தடவை காட்டட்டுமா?"

"காட்டுங்கம்மா."

சித்தி ஜாடியை இரண்டு கையாலும் பிடித்துச் சித்தப்பாவின் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி இடதுபக்கம் கொண்டுபோனாள். நிறுத்தினாள். வலதுபக்கம் கொண்டுவந்தாள். தண்ணீர் தளும்பியது. சித்தப்பாவின் கண்கள் நடுவில் எங்கேயோ இருந்தன. "என்னங்க, மாப்பிள்ளைங்க. இல்ல, மாப்பிள்ளை இல்ல, அவன் போயிட்டான், இது வேற ஆளு. பாருங்க." மறுபடி இடது. மறுபடி வலது. பிசியோ வாய்க்குள்ளே ஒண்ணு, ரெண்டு என்று எண்ணியது எனக்குக் கேட்டது. பத்து நிமிஷம் இருக்கும். டாக்டரம்மா ஒருமுறைகூட கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை போலிருந்தது. ஜாடித் தண்ணீர் விரிப்பில் சிந்த ஆரம்பித்ததும் அவரே எழுந்து ஜாடியை வாங்கி மேசைமேல் வைத்தார்.

"போதும்மா."

"பழைய மீன் இருந்தப்ப பாத்தாரு டாக்டரம்மா. ஏழு தடவை. சாரைக் கேளுங்க."

பிசியோ சித்தப்பாவின் காலடியில் விரிப்பை இழுத்துச் சரிசெய்தார்.

"இருந்திருக்கலாம்மா" என்றார் டாக்டரம்மா. "சில பேருக்குக் கண்ணு தானா அலையும். மீனும் அதே பக்கம் போனா, பாக்குற மாதிரியே நமக்குத் தோணும். நிஜமா பாத்தும் இருக்கலாம். இனிமே அதைச் சொல்ல முடியாது."

"எதை வச்சும் சொல்ல முடியாதா?"

"முடியாதும்மா."

அவர் ஃபைலை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, சித்தியின் தோளை ஒருமுறை தொட்டுவிட்டுப் படியிறங்கினார். பிசியோ வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே நின்றார். "அம்மா, அந்தத் திங்கக்கிழமை நான் நிச்சயமாப் பாத்தேன்" என்று ஆரம்பித்தார். சித்தி நிமிர்ந்தாள். "பாத்தேன்னுதான் நினைக்கிறேன்" என்று முடித்துவிட்டு அவரும் போனார்.

சித்தி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். சித்தப்பாவின் காதருகே குனிந்தாள்.

"ஏங்க. எனக்கு மட்டும் சொல்லுங்க. அவனைப் பாத்தீங்களா, சும்மா முழிச்சிட்டிருந்தீங்களா? பாத்தீங்கன்னா உங்க வழியை நானே கழுவி ஊத்திட்டேன். பாக்கலன்னா..." அவருடைய காதோர முடியை ஒதுக்கிவிட்டாள். "திட்டணும்னா திட்டுங்களேன். என் மாப்பிள்ளையைக் கொன்னுட்டியேடின்னு தெருவே கேக்குற மாதிரி ஒரு தடவை கத்துங்களேன்."

சித்தப்பாவின் மூச்சு ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். ஒரு தடவை ஜன்னல் பக்கம், ஒரு தடவை சுவர்ப் பக்கம். இத்தனை மாதமும் சித்தி அதில் கள்ளம் பண்ணுவாள். ஜன்னல் பக்கம் இரண்டரை மணி நேரம் விடுவாள், சுவர்ப் பக்கம் ஒன்றரை. நாலு மணி ஆனதும் நான் எழுந்து தோள் பக்கம் போய் நின்றேன். அவள் இடுப்புப் பக்கம் வந்து விரிப்பைப் பிடித்தாள்.

"எந்தப் பக்கம் சித்தி?"

"எந்தப் பக்கமோ" என்றாள். "உனக்கு எது சுலபமோ அந்தப் பக்கம்."

நான் நின்ற இடத்திலிருந்து சுவர்ப் பக்கம்தான் சுலபம். அந்தப் பக்கம் திருப்பினோம்.